காய்ச்சல்காரப் பெடியன் எழுதிய சர்வதேசச் சோதனை

போன மாதம் கல்வித் திணைக்களத்தில் வேலை பார்க்கும் ஒரு இளம் பெண் என்னைத் தேடி வந்தாள். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாளைக் கொடுத்து, எந்த நாட்டுப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று வரிசைப்படுத்துகிறார்கள் அல்லவா? அப்படி ஒரு சோதனையில் நாங்களும் சேரவேண்டும் என்று இப்போது கூட்டம் வைத்துக் கதைக்கிறார்களாம். "உங்கடை காலத்திலை உப்பிடி ஏதும் நடந்ததோ ரீச்சர்?" என்று கேட்டாள். நடந்தது என்றேன். "அதாலை கல்விக் கொள்கையிலை ஏதும் மாற்றம் வந்ததோ?" என்றாள். வந்தது என்றேன். உடனே கொப்பியையும் பேனையையும் எடுத்தாள். நான் சொல்லி முடித்தபோது அவளுடைய கொப்பியில் ஒரு வரிகூட இல்லை, தேத்தண்ணியும் ஆறிப்போயிருந்தது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப்பேர் திணைக்களத்தின் எந்தச் சுற்றுநிருபமும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கும் பயப்படுகிற வயது கடந்துவிட்டது.

எண்பதுகளில் நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்குக் கணித ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். ஆலோசகர் என்றால் சைக்கிளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், யாரும் கேட்காத ஆலோசனையைச் சொல்லிவிட்டு வருகிறவர். அதற்கு முன் ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் படித்தேன். அந்த இரண்டு வருடத்தில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது கணித விரிவுரையாளர் வாரம் தவறாமல் சொன்ன ஒரு வசனம்தான். "பிள்ளை எங்கை பிழைவிடும்? விகிதத்திலைதான் பிழைவிடும்." குடாநாட்டில் கணிதம் படித்துப் பள்ளிக்கூட அதிபரான அத்தனை பேரும் அவருடைய மாணவர்கள். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து மறந்துவிடக்கூடாது.

எனக்கு மேலே இருந்தவர் வட்டாரக் கல்வி அதிகாரி சிற்றம்பலம் சேர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தபாலில் எந்தக் கடிதம் வந்தாலும் கதிரையை விட்டு எழும்பி, நின்றுகொண்டுதான் வாசிப்பார், அதுவும் கந்தோருக்கே கேட்கும்படி உரத்து. வாசித்தது விளங்கினால்தான் திரும்பக் கதிரையில் இருப்பார். விளங்காவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து. சம்பள உயர்வுச் சுற்றுநிருபம் ஒன்றைப் பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரை நின்று வாசித்ததை நான் கண்ணால் கண்டேன். அவர் இருந்துவிட்டார் என்றால் கந்தோரில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அன்றைக்கு ஒரு விடயமாவது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருடம் கொழும்பில் இருந்து ஒரு பெரிய பொதி வந்தது. சிவப்பு அரக்கு முத்திரை நான்கு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பல தேசங்களில் நடத்தும் கணிதச் சோதனையை இங்கேயும் முன்னோட்டமாகச் சில பள்ளிக்கூடங்களில் நடத்திப் பார்க்கிறார்களாம். வடபகுதியில் எட்டுப் பள்ளிக்கூடங்கள். பள்ளிக்கூடத்துக்கு இருபது பிள்ளைகள். அந்த இருபது பேரை அதிபர் தெரிவுசெய்யமுடியாது. இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், உள்ள பெயர்ப்பட்டியலை முதலே கொழும்புக்கு அனுப்பவேண்டும். அவர்கள் ஏதோ ஒரு அட்டவணையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைப் பொறுக்கி அனுப்புவார்கள். கெட்டிக்காரனும் வரலாம், மக்கும் வரலாம்.

இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை "தெரிவு செய்யப்பட்டது" என்றால் அது கெட்டித்தனத்துக்கு மட்டும்தான். பெயர் வந்த பிள்ளைகளின் வீட்டில் பிள்ளையாருக்கு அர்ச்சனை நடந்தது. பெயர் வராத பிள்ளைகளின் தாய்மார் என் சைக்கிளை மறித்தார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைசிப் பிள்ளையை எடுத்தது என்ன நியாயம் என்று கேட்டார்கள். ஒரு ரியூட்டரி 'சர்வதேசச் சோதனைக்கான மாதிரி வினாக்கள்' என்று வகுப்பே வைத்தது. அந்த வினாத்தாளை நானே அதுவரை பார்த்திருக்கவில்லை.

சிற்றம்பலம் சேர் சோதனைக் கைநூலை இரண்டு நாள் நின்று வாசித்தார். மேற்பார்வையாளர் வாய் திறந்து என்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அதில் எழுதியிருந்தது. ஒரு சொல்லும் கூடவோ குறையவோ கூடாது. எல்லாத் தேசங்களிலும் ஒரே சொல்தானாம். மூன்றாம் நாள் காலையில் கதிரையில் இருந்தார். "ரீச்சர், இதிலை ஒண்டும் மாத்தேலாது. அடைப்புக்குறியும் சேர்த்துத்தான்" என்றார்.

நான் சொல்லப்போகும் பள்ளிக்கூடம் உரும்பிராய்ப் பக்கம். பெயர் வேண்டாம். தோட்டக்காரப் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கூடம். அங்கே மூன்று வருடமாகக் கணித ரீச்சரே இல்லை. சரித்திர மாஸ்டர்தான் கணிதமும் படிப்பித்தார். பின்னங்களுக்கு ஆட்சி ஆண்டு கேட்கிற அளவுக்கு அங்கே நிலைமை இருந்தது. நான் மனுவுக்கு மேல் மனு எழுதி, சிற்றம்பலம் சேரை எத்தனையோ தடவை நிற்கவைத்து, கடைசியில் வசந்தி என்ற இளம் ரீச்சரை அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். அச்சுவேலியில் இருந்து சைக்கிளில் வருவாள். மெலிந்த பிள்ளை, ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்றால் பின்வாங்கில் இருப்பவன்கூடக் கொட்டாவி விடமாட்டான். ஒரே வருடத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுவதை நிறுத்தினார்கள். என் வேலைக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சோதனை நாள் சிற்றம்பலம் சேரும் நானும் போனோம். சேர் கைநூலைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கினார். "பிள்ளைகளே, காலை வணக்கம். அடைப்புக்குறிக்குள், இங்கே மூன்று செக்கன் இடைவெளி விடவும்." பிறகு உண்மையாகவே மூன்று செக்கன் இடைவெளி விட்டார். "உங்கள் பென்சில் கூராக உள்ளதா என்று பாருங்கள். அடைப்புக்குறிக்குள், மாணவர்கள் பார்க்கும்வரை காத்திருக்கவும்." பிள்ளைகள் பென்சிலைப் பார்த்தார்கள், அவர் பிள்ளைகளைப் பார்த்தார். முன்வரிசைப் பிள்ளை ஒன்றுக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் விக்கல் வந்துவிட்டது.

பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். ஏழாவது மேசை வெறுமையாக இருந்தது. பட்டியலில் ஏழாம் பெயர் ப. ஜெகநாதன்.

"காய்ச்சல் சேர்" என்றார் அதிபர். நடராசா மாஸ்டர் என்று ஊருக்கே தெரிந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, அதில் கரும்பலகைச் சோக்கட்டித் தூள் படியாத நாளே இல்லை.

சிற்றம்பலம் சேர் உடனே கைநூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தெரிவான பிள்ளை அன்று வராவிட்டால் பத்து நாளுக்குள் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகச் சோதனை வைக்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு விலகியிருந்தால் விலகிய தேதியோடு இடாப்புப் பிரதியை இணைத்து அனுப்பவேண்டும். "சுகமானவுடனை சொல்லி அனுப்புங்கோ, நாங்கள் வாறம்" என்றார் சேர். அதிபரின் முகம் சுருங்கிப் போனது.

இரண்டு நாளில் அதிபர் என் வீட்டுக்கே வந்தார். கேற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றார்.

"பெடியனுக்கு இன்னும் காய்ச்சலோ சேர்?"

"பெடியன் ஜேர்மனியிலை ரீச்சர்."

போன வருடம் ஏதோ ஒரு கிழமையில் தாய் தகப்பன் தங்கச்சி எல்லோருமாகப் போய்விட்டார்களாம். விடுகைப் பத்திரமும் கேட்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. அப்படிப் போனவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து பேர். ஆனால் இடாப்பில் ஐந்து பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் ஆளணி. இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அந்த எல்லைக்கு மேலே பள்ளிக்கூடத்தில் நாலே நாலு பிள்ளைகள்தான். ஐந்து பெயரையும் வெட்டினால் ஒரு ஆசிரியர் கூடிப்போவார். கூடினால் கடைசியாக வந்தவருக்குத்தான் இடமாற்றம். கடைசியாக வந்தவள் வசந்தி. ஒரு பெயரை மட்டும் வெட்டி இடாப்புப் பிரதியை அனுப்பினாலும், விசாரிக்க வருகிறவர்கள் மற்ற நாலையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இடாப்பைக் கொண்டாங்கோ பாப்பம்" என்றேன். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

ஆண்டு ஒன்பதுக்கு ஆளில்லாததால் வகுப்பாசிரியரும் அவரேதான். வந்த பிள்ளைக்குச் சரிந்த கோடு, வராத பிள்ளைக்குப் பூச்சியம். ஜெகநாதனின் வரிசையைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மனிதர் அந்தப் பெடியனுக்கு ஒரு முழு வாழ்க்கையே கொடுத்திருந்தார். மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சல். தைப்பொங்கலுக்கு மறுநாள் வரவில்லை. அச்சுவேலியில் மாமியின் மகளுக்குக் கலியாணம் என்று ஒரு வியாழனும் வெள்ளியும் லீவு. தவணைப் பரீட்சையில் தமிழ் அறுபத்திரண்டு, கணிதம் ஐம்பத்தெட்டு.

"ஏன் சேர் ஐம்பத்தெட்டு?"

"பெடியன் கெட்டிக்காரன் ரீச்சர், ஆனால் விகிதத்திலை கொஞ்சம் பின்னுக்கு. இஞ்சை இருந்திருந்தாலும் ஐம்பத்தெட்டுத்தான் எடுத்திருப்பான்."

நான் அவரை நன்றாக ஏசினேன். இடாப்பில் பொய் எழுதுவது குற்றம், இது தெரிந்தால் உங்களுக்கு வேலை போகும், என்னையும் சேர்த்து இழுத்துப் போகும் என்றேன். எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கடை பிள்ளையளுக்குக் கணக்கு எப்பிடியெண்டு பாக்க வந்த சோதனை, கணக்கு ரீச்சரைக் கொண்டு போகப் போகுது. நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

வசந்தியை மன்னாருக்கோ வேறெங்கோ தூக்கி எறிந்துவிட்டு, சரித்திர மாஸ்டர் மறுபடியும் பின்னம் படிப்பிப்பதை நினைத்தேன். விதி என் பக்கம் இருந்தது, நியாயம் அவர் பக்கம் இருந்தது. நான் செய்தது பிழை. அன்றைக்கும் அது பிழை என்று தெரிந்துதான் செய்தேன்.

மறு சோதனைக்கு நாள் குறித்தோம். அன்று காலை இராணுவ ஹெலிகொப்டர் வானத்தில் சுற்றியதால் பெரிய றோட்டால் யாரும் வரமுடியவில்லை. சிற்றம்பலம் சேர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், ரீச்சரே தனியாக வைக்கட்டும், அடைப்புக்குறியை மறக்கவேண்டாம் என்று. நான் ஒழுங்கைகளால் போய்ச் சேர்ந்தேன். அதிபர் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, ஏழாவது மேசையில் முழங்காலை மடக்கி நுழைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர். பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருந்தார்.

களவில் என்றாலும் ஒழுங்கு வேண்டும். "பிள்ளைகளே, காலை வணக்கம்" என்று வாசித்தேன். மூன்று செக்கன் விட்டேன்.

"காலை வணக்கம் ரீச்சர்" என்றார் அதிபர்.

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு நிமிர்ந்தார். எட்டிப் பார்த்தேன். "சேர், நீங்கள் ஐம்பத்தெட்டு எடுக்கிற பெடியன். இப்பிடி நூறு எடுத்தால் வெளிநாட்டிலை இருந்து ஆளைப் பாக்க வந்திடுவாங்கள். பிழைவிடுங்கோ" என்றேன்.

அந்த மனிதருக்குப் பிழைவிட வரவில்லை. முப்பது வருடம் சரியான விடையை எழுதிய கை. அழிறேசரை எடுத்து ஒரு விடையை அழிப்பார், பெருமூச்சு விடுவார், திரும்பச் சரியான விடையையே எழுதுவார். கேத்திரகணிதத்தில் பிழைவிட மனம் கேட்கவில்லையாம். பின்னத்தில் பிழைவிட்டால் வசந்தி ரீச்சருக்கு அவமானமாம். கடைசியில் விகித வினாக்களுக்கு வந்தார். ஆறு பேர் நாலு நாளில் வெட்டும் கிடங்கை மூன்று பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் என்று அடையாளம் இட்டார்.

"பாருங்கோ ரீச்சர், ஆள் குறைஞ்சால் வேலை கெதியாய் முடியுமாம்."

"ஆளணி குறைக்கிறவையும் இதைத்தானே சேர் நம்புகினம்" என்றேன்.

விகிதத்தில் வந்த அத்தனை வினாக்களும் பிழை, மற்றவை அத்தனையும் சரி. அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை. "நேரம் முடிந்தது, பென்சிலைக் கீழே வைக்கவும்" என்று வாசித்தேன். வைக்கவில்லை. இருபதாம் வினாவில் தமிழாக்கம் பிழை என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் பென்சிலைப் பிடுங்கினேன்.

அடுத்த வருடம் முதலாம் தவணைக்குள் சுற்றுநிருபம் வந்தது. சிற்றம்பலம் சேர் எழும்பி நின்று வாசித்தார். நான் எதிரில் நின்று கேட்டேன்.

வடபகுதிப் பிள்ளைகளின் விடைகள் ஆராயப்பட்டதில் புதுமையான விடயம் ஒன்று தெரியவந்துள்ளது. மற்ற எல்லாப் பகுதிகளிலும் மிகத் திறமை காட்டி, விகிதத்தில் மட்டும் முற்றாகத் தவறும் மாணவர் குழு ஒன்று அங்கே காணப்படுகிறது. ஏனைய தேசங்கள் எதிலும் இப்படியொரு குழு இல்லை. வெளிநாட்டு நிபுணர்கள் இதில் பெரும் அக்கறை காட்டுகிறார்கள். முன்னணியில் நிற்கும் தேசங்களின் பிள்ளைகள் விகிதத்தில் வல்லவர்களாக இருப்பதால், வடபகுதிப் பாடசாலைகளில் வாரத்துக்கு இரண்டு மேலதிகப் பாடவேளைகள் விகிதத்துக்கு ஒதுக்கப்படவேண்டும்.

சிற்றம்பலம் சேர் ஒரே ஒரு தடவைதான் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார். இவ்வளவு கெதியாக அவர் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ரீச்சர், அந்தக் காய்ச்சல்காரப் பெடியனுக்கு இப்ப சுகமோ?"

"சுகம் சேர்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுற்றுநிருபத்தைக் கோவைக் கட்டுக்குள் போட்டார். அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எட்டுப் பள்ளிக்கூடத்து அதிபர்களுக்கும் விகிதப் பயிற்சி கொடுக்கவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. நடராசா மாஸ்டர் முன்வரிசையில் கொப்பியோடு இருந்தார். உங்கள் பிள்ளைகள் ஏன் விகிதத்தில் பிழைவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்லவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. வல்வெட்டித்துறைப் பக்கத்து அதிபர் எழும்பினார்.

"எங்கடையிலை எல்லாரும் இல்லை. ஒருத்தன்தான் விகிதம் முழுக்கப் பிழைவிட்டவன். அவன் பாவம், காய்ச்சலிலை இருந்து எழும்பி வந்து தனியத்தான் எழுதினவன்."

அடுத்தவர் தொண்டையைச் செருமினார். "எங்கடை பெடியனுக்கும் அண்டைக்குக் காய்ச்சல்தான்."

"எங்கடையிலை ரெண்டு காய்ச்சல்" என்றார் மூன்றாமவர்.

பிறகு யாரும் எழும்பவில்லை. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்டுப் பேரும் ஒரே விரிவுரையாளரின் மாணவர்கள். இல்லாத பிள்ளைக்குப் பதில் தாங்களே இருந்து எழுதி, பிள்ளை மாதிரிப் பிழைவிடவேண்டும் என்று வந்தபோது எட்டுப் பேருக்கும் அந்த ஒரே வசனம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. முதலில் நடராசா மாஸ்டர்தான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, கண்ணைத் துடைத்துவிட்டு, "விகிதம்" என்று பெரிதாக எழுதினேன்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டு பாடவேளைகளும் சங்கீதத்தில் இருந்துதான் எடுக்கப்பட்டன. சங்கீத ரீச்சர் ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாட்டுப் பாடவேண்டிய நேரத்தில் பிள்ளைகள் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜேர்மனியில் இருந்த ஒருவனுக்காக இங்கே இருந்த பிள்ளைகளின் பாட்டு போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் சுற்றுநிருபத்தின் கடைசிப் பந்தியில் ஒரு வசனம் இருந்தது. ஒவ்வொரு பாடசாலையும் கணித ஆசிரியர் ஒருவரை விகிதப் பொறுப்பாசிரியராக நியமிக்கவேண்டும், நிகழ்ச்சித்திட்டம் முடியும்வரை அவரை எக்காரணம் கொண்டும் இடமாற்றக்கூடாது. சிற்றம்பலம் சேர் அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டி, உரும்பிராய்ப் பக்கத்துக்கு யார் என்று கேட்டார். வசந்தி என்றேன். மறு பேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்.

வசந்தி அசையமாட்டாள் என்று உறுதியானதும் நடராசா மாஸ்டர் இடாப்பைத் திறந்து நாலு பெயர்களைச் சிவப்பு மையால் வெட்டினார். ஐந்தாவதை வெட்டவில்லை. வகுப்போடு சேர்ந்து அவனும் ஆண்டு பத்துக்கு ஏறியிருந்தான். "ஏன் சேர்?" என்றேன். "சர்வதேசச் சோதனை எழுதின பெடியனை எப்பிடி ரீச்சர் வெட்டுறது?" என்றார். ஆனால் கோடும் போடவில்லை. அன்றில் இருந்து தினமும் பூச்சியம்தான்.

இரண்டாம் தவணையில் ஜேர்மன் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. வசந்தி ரீச்சருக்கு. நான் பள்ளிக்கூடத்தில் நின்ற நாள், என் முன்னாலேயே உடைத்தாள். ஜெகநாதன் எழுதியிருந்தான். அங்கே அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். மொழி பரவாயில்லை, மற்றக் கணக்கெல்லாம் செய்கிறான். "விகிதம்தான் ரீச்சர் இன்னும் விளங்கேல்லை. இஞ்சை கேட்க வெட்கமாய் இருக்கு. நீங்கள் விளங்கப்படுத்தி எழுதி அனுப்புவியளோ?"

அதிபரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐம்பத்தெட்டு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வசந்திக்கு அதுவரை எதுவும் தெரியாது. அன்றைக்குத்தான் அதிபர் எல்லாவற்றையும் சொன்னார். இடாப்பு, காய்ச்சல், ஏழாவது மேசை, சுற்றுநிருபம். அவள் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசித்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"உவன்தானே சேர் என்னை இஞ்சை வைச்சிருக்கிறான்" என்றாள் கடைசியில். "உவனுக்குப் படிப்பிக்காமல் விடேலுமோ?"

அந்தக் கிழமை முழுவதும் பாடம் முடிந்தபின் இருந்து, விகிதப் பாடம் எல்லாவற்றையும் படம் போட்டு, பயிற்சியும் விடையுமாக ஒரு கொப்பி நிறைய எழுதினாள். வெள்ளிக்கிழமை அதை நான்தான் தபால் கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது அதிபர் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். ஏழாம் பெயருக்கு நேரே, அன்றைய நாளில், ஒரு சரிந்த கோடு இழுத்தார்.

"இது பொய்யில்லை ரீச்சர்" என்றார். "இண்டைக்கு உவன் வகுப்பிலை இருந்தவன்."